ஆட்டுக்கு வந்த இட்லி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் பள்ளிக்கூட குரூப்பில் "ஆளுக்கு ஒரு சின்ன வயசு ஞாபகம் எழுதிப் போடுங்கடா, புத்தகமா அடிச்சுடலாம்" என்று செய்தி வந்தபோது ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் பக்கம் போவதை நிறுத்தியவன் நான். என்னிடம் போய் எழுதச் சொல்கிறார்களே என்று சிரிப்பாகவும் இருந்தது. அப்புறம் நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். எல்லோருக்கும் ஒரே ஞாபகம். கடற்கரை, ஐஸ், வாத்தியார் அடி. இப்போது வங்கியில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள், அலையில் மூழ்கிய என்னைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறான். அன்றைக்கு அவன் கரையில் எங்கள் கால்சட்டைகளுக்குக் காவல் இருந்தான். அதிலும் ஒன்றைத் தொலைத்தான். அது என்னுடையது.

இவ்வளவு புளுகுக்கு நடுவில் ஒரு ஆட்டைப் பற்றி எழுதினால் குறைந்துவிடாது என்று தோன்றியது. ஆமாம், எங்கள் வீட்டு ஆடுதான். நீங்கள் என்னை "மே" என்று கூப்பிடக் காரணமாக இருந்த அதே ஆடு.

எங்கள் வீடு லாஸ்பேட்டையில், விமான நிலையத்துச் சுவரிலிருந்து கூப்பிடு தூரம். தெரு முழுக்கக் குமாஸ்தாக்கள், ஸ்கூட்டர்கள். அதற்கு நடுவில் எங்கள் வீட்டு ஜன்னலில் மட்டும் ஒரு ஆடு கட்டியிருக்கும். பழுப்பு உடம்பு, வெள்ளை முகம், தோளில் போட்ட துண்டு மாதிரி தொங்கும் காது. அது அம்மாவின் ஆடு. இளைப்பு வந்த குழந்தைகளுக்கு, வயதானவர்களுக்கு என்று ஆட்டுப்பால் கேட்டு விடிந்ததும் டம்ளரோடு வருவார்கள். அம்மா ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மக்கில் கறந்து ஊற்றுவாள்.

அம்மா அதற்குத் தீவனம் வாங்குவதைப் பார்த்தால் பெண் பார்க்கப் போனவள் மாதிரி இருக்கும். அகத்திக் கட்டைப் பிரித்து நடுவில் கைவிட்டு, உள்ளே பழுத்த தழையை மறைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். ஈரத்தோடு போட மாட்டாள். கொடியில் போட்டு வாடவிட்டுத்தான் போடுவாள். கடையில் தவிட்டை உள்ளங்கையில் வைத்து ஊதுவாள். பறந்தால் உமி கலந்தது, வாங்க மாட்டாள். இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கடலைப் புண்ணாக்கை உடைத்து மோந்து பார்ப்பாள். கடைக்காரருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, ஆட்டுக்குத் தீவனம் வாங்குறியா, இல்ல மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறியா?"

"மாப்பிள்ள கெடச்சத துன்னுவாருண்ணே. இது துன்னாது" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை என்றது என் அப்பாவை. அவர் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

தழையைக் கீழே போடக் கூடாது. ஜன்னல் கம்பியில் உயரமாகக் கட்ட வேண்டும். அது பின்னங்காலில் நின்று, கழுத்தை நீட்டி, ஏதோ ஓட்டலில் மேலேயிருக்கும் விலைப்பலகையைப் படிப்பது போலப் பார்த்து, பிறகு ஒரு இலையைக் கடிக்கும். கீழே விழுந்ததை மூக்கால் தள்ளிவிடும். தான் மிதித்ததையே தான் தின்னாத ஆடு.

ஒரு தீபாவளி முடிந்ததும் அம்மா பிரான்சுக்குப் போனாள். பெரியம்மாவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் உள்ளவரோடு கல்யாணம் ஆகி அங்கேதான் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, கூட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். அப்பாவை அந்தக் குடும்பத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. எங்கள் ஊர்ப் பக்கத்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர், காகிதம் இல்லாதவர். "போறதுன்னா போ" என்று அப்பா சொன்னார். அந்த இரண்டு வார்த்தையைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை என்பதுதான் அந்த வீட்டில் நடந்த சண்டை.

கிளம்பும்போது அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"குளிர் முடிஞ்சதும் வந்துடுவேன். அதுவரைக்கும் பால் வத்தாம பாத்துக்கடா. வந்ததும் மொத டம்ளர் எனக்கு."

கார் போன பிறகு அப்பா ஆட்டைப் பார்த்துச் சொன்னார். "பால் நின்னுச்சுன்னா அன்னிக்கே கறிக்கடைதான்."

எனக்குப் பத்து வயது. இரண்டையும் சேர்த்து நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பால் இருந்தால் ஆடு இருக்கும். ஆடு இருந்தால் அம்மா வருவாள். கணக்கில் நான் எப்போதும் மோசம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தும் எனக்கு அதே விடைதான் வந்தது.

மறுநாளே வம்பு ஆரம்பித்தது. அப்பா கறக்கப் போனால் ஆடு பாலை மேலே இழுத்துக்கொண்டது. மடி கனமாகத் தொங்கும், ஒரு சொட்டு வராது. காலைத் தூக்கி மக்கை உதைத்தது. அப்பா அதைத் திட்டினார், கெஞ்சினார். கடைசியில் உள்ளே போனவர் அம்மா விட்டுவிட்டுப் போன பழைய பூப்போட்ட நைட்டியை லுங்கிக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்தார்.

டேய், சத்தியமாகச் சொல்கிறேன். மீசை, நைட்டி, கையில் மஞ்சள் மக்கு.

ஆடு மோந்து பார்த்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பால் இறங்கியது.

"வெளிய சொன்ன, தோல உரிச்சுடுவேன்" என்றார்.

முதல் மணி அடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருவானே, அவன்தான். அவன் சிரிக்கவில்லை. "எந்த நைட்டிடா, அந்த நீலப்பூ போட்டதா?" என்று கேட்டான். அது அவன் அம்மா கொடுத்ததாம்.

நைட்டியைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் வாசனை போய்விடும். அதனால் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பால், தவிடு, அம்மாவின் பவுடர் மூன்றும் கலந்த ஒரு வாசனை அந்த மூலையில் இருந்தது. வரவர அதில் அப்பாவின் வியர்வை ஏறியது. ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா அந்த நைட்டியோடு ஆட்டுக்குப் பக்கத்தில் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மக்கு பக்கத்தில் இல்லை. கறக்கிற நேரமும் இல்லை. நான் சத்தமில்லாமல் திரும்பித் தெருமுனை வரை போய்விட்டு, செருப்பைத் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு மறுபடியும் வந்தேன்.

தீவனத்தில் அப்பா தன் வழியில் போனார். "மாடு எம்மாம் பெருசு, அது துன்னுறத இது துன்னாதா?" என்று ஒரு மூட்டை மாட்டுத் தீவனம் வாங்கிவந்தார். ஆடு அதை வாயில் போட்டுத் துப்பியது. அகத்தியை வாடவிடாமல் கீழே கொட்டினார். அது மிதித்தது, ஒதுங்கி நின்றது. பால் குறைந்தது.

"ஏங்கிப் போச்சு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். "வளத்தவ போயிட்டால்ல, வாயில்லா ஜீவன், ஏங்கிப் போச்சு." என் எதிரிலேயேதான் பேசினார்கள். ஆட்டைத் தடவிக்கொடுத்தார்கள். தடவும்போது கண் மட்டும் என் மேல் இருக்கும். எனக்கு அந்த ஆட்டின் மேல் பொறாமையாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரனின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அப்பாவை அவர் அண்ணே என்பார். அம்மா கிளம்பிப் போன அதே வாரம் அத்தை ஒரு தட்டு நிறைய இட்லி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா நிலைப்படியிலேயே நின்றுகொண்டார்.

"பையனுக்குண்ணே."

"எங்க வூட்ல அடுப்பு எரியுதும்மா."

"எரியுதுண்ணே, யாரு இல்லன்னா. இது சும்மா..."

"எடுத்துட்டுப் போம்மா."

தட்டு அப்படியே திரும்பிப் போனது. அடுப்பு எரிந்தது உண்மைதான். அதில் அப்பா வைத்த சோறு மேலே அரிசியாகவும் கீழே கரியாகவும் இருக்கும். நடுவில் ஒரு வரிசை மட்டும் சோறு. அதையும் ஊறுகாயையும் நாங்கள் எதிரெதிராக உட்கார்ந்து, டி.வி.யைச் சத்தமாக வைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அப்பா ஷிப்டுக்குப் போனதைப் பார்த்துவிட்டு அத்தை மறுபடியும் வந்தார். அதே தட்டு, அதே இட்லி.

"இந்தாடா. ஆட்டுக்கு."

"ஆட்டுக்கா?"

"ஆமா, ஆட்டுக்குத்தான். ஏங்கிக் கெடக்குதுல்ல, பாவம்."

"இது என்னா அத்த ஓரமா?"

"சட்னி."

"ஆடு சட்னி துன்னாது."

"துன்னலன்னா நீ நக்கிக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் சொன்ன சொல்லைக் கேட்கிறவன் இல்லை என்று எல்லா வாத்தியாரும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டேன். ஒவ்வொரு இட்லியாகப் பிட்டு ஆட்டின் வாயில் கொடுத்தேன். அது ரசித்துச் சாப்பிட்டது. நான் சட்னியை விரலால் வழித்து நக்கினேன். தேங்காய்ச் சட்னி. கடுகு பல்லில் வெடித்தது. எனக்குப் பசித்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அந்தக் கடுகு ஞாபகம் இருக்கிறது.

அப்பா வந்ததும் தட்டைப் பார்த்தார்.

"என்னாடா இது?"

"ஆட்டுக்குப்பா. அத்த குடுத்தாங்க."

அப்பா தட்டை எடுத்துச் சமையலறையில் வைத்தார். பையனுக்கு வந்ததைத் திருப்பி அனுப்ப அவருக்குத் தெரியும். ஆட்டுக்கு வந்ததைத் திருப்பி அனுப்ப வழி தெரியவில்லை.

இந்தச் சங்கதி தெருவில் பரவியிருக்க வேண்டும். அதன் பிறகு எல்லா வீட்டிலும் எங்கள் ஆட்டுக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது. ஆட்டுக்கு உப்புமா வந்தது. ஆட்டுக்கு தோசை வந்தது, முறுகலாக. கோடி வீட்டு சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், காலையில் பேக்கரியில் வாங்கும் நீள ரொட்டியில் பாதியை உடைத்து எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். ஆட்டை அவர் மதாம் என்றுதான் கூப்பிடுவார்.

"பொன்ழூர் மதாம். தம்பி, மதாமுக்கு வெண்ண தடவி வச்சிருக்கேன். வெண்ண அவங்களுக்கு ஒத்துக்கலன்னா நீ பாத்து ஏதாவது பண்ணு."

நான் பார்த்து வெண்ணெயை மட்டும் சுரண்டித் தின்றேன். ரொட்டியை மதாமுக்குக் கொடுத்தேன். பால் வற்றக் கூடாதே.

விடுமுறை நாட்களில் ஆட்டை ஓட்டிக்கொண்டு விமான நிலையச் சுவரோரம் போவேன். அங்கே முள்ளுக்கு நடுவில் சவுண்டல் செடிகள் இருந்தன. அகத்தி கிடைக்காத நாளில் அம்மா உடைத்துக் கட்டும் தழை அதுதான். ஆனால் இட்லியும் ரொட்டியும் தின்று பழகிய மதாம் அதை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். சுவரில் ஒரு இடத்தில் கல் பெயர்ந்திருந்தது. அதில் கால் வைத்து ஏறினால் ஓடுபாதை தெரியும். காலியாகக் கிடக்கும். வெயில் அதன் மேல் தண்ணீர் மாதிரி ஆடும். எப்போதாவது ஒரு சின்ன விமானம் வரும். அம்மா அதில்தான் வந்து இறங்குவாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். வெளிநாட்டு விமானமெல்லாம் சென்னைக்குத்தான் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. விமானம் நின்று கதவு திறக்கும் வரை மூச்சை அடக்குவேன். இறங்குகிறவர்கள் எல்லோரும் பேன்ட் போட்டிருப்பார்கள். ஆடு சுவருக்குக் கீழே என் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருக்கும்.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில் ஒரு சிக்கல். படையல் போட்டால் மாட்டுக்கு ஊட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஸ்கூட்டர் இருந்தது, மாடு இல்லை. வேறு வருடங்களில் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடு தேடி அலைவார்கள். அந்த வருடம் யாருக்கோ யோசனை வந்தது: கொம்பு இருக்கிறது, மடி இருக்கிறது, நாலு கால் இருக்கிறது, ஆடு போதாதா?

அப்பாவுக்கு அன்றும் ஷிப்ட். காலையிலிருந்து எங்கள் வாசலில் திருவிழா. ஒருத்தர் கொம்பில் பலூன் கட்டினார். ஒருத்தர் நெற்றியில் குங்குமம் வைத்தார். தட்டு மேல் தட்டு. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை. ஒவ்வொருவரும் ஒரு வாய் ஊட்டிவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தார்கள். "ஆட்டுக்குப் போடுடா." சிலர் குரலைத் தாழ்த்தி, "நீயும் கொஞ்சம் வாயில போட்டுக்கோ" என்றார்கள்.

நான் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தின நாள் மஞ்சள் மக்கில் பால் அடியைக்கூட மூடவில்லை. இன்றைக்கு இவ்வளவும் உள்ளே போனால் நாளைக்கு மக்கு நிரம்பும். குளிர் முடியப் போகிறது. அம்மா வருவதற்குள் தேற்றிவிடலாம். உருட்டி உருட்டி ஊட்டினேன். முந்திரியை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். ஆட்டுக்கு முந்திரி ஆகாது என்று நானே தீர்மானித்ததுதான்.

மத்தியானத்துக்கு மேல் ஆடு படுத்துவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. இடது பக்கம் வயிறு புடைத்துக்கொண்டு நின்றது. வாயிலிருந்து புளித்த மாவு வாசனை வந்தது. கொம்பில் பலூன் அப்படியே இருந்தது. நான் எதிர்வீட்டைப் பார்த்து "அத்த" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை.

அத்தை வந்தார். பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. சொல்தா தாத்தா கம்பெனிக்கு போன் போட்டு அப்பாவை வரவழைத்தார். ஆட்டோவில் அப்பா மடியில் ஆடு, பக்கத்தில் அத்தை, நடுவில் நான். மாட்டாஸ்பத்திரியில் லீவு நாளுக்கென்று ஒரே ஒரு டாக்டர் அம்மா இருந்தார். வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"என்ன போட்டீங்க?"

"தீவனம், தழை..." என்றார் அப்பா.

"தழை துன்ன வயிறா இது? மாவு பெசஞ்ச மாதிரி இருக்கு. தம்பி, நீ சொல்லு."

நான் ஒப்பிக்க ஆரம்பித்தேன். நன்றாகக் கவனித்துக்கொண்டேன் என்று தெரியட்டும் என்றுதான் சொன்னேன். "காலைல அத்த குடுத்த பொங்கல். அப்புறம் பக்கத்து வூட்டு பொங்கல், மாடி வூட்டு பொங்கல், வட. நேத்து இட்லி. முந்தாநாள் தோச. தெனமும் ரொட்டி."

"தெனமுமா?"

"ம். எல்லாம் ஆட்டுக்குன்னு குடுப்பாங்க. நான் அதுக்கே போட்டுடுவேன். சட்னி மட்டும்தான் நான் துன்னுவேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "சட்னியா? ஆட்டுக்கு யாருப்பா சட்னி வச்சுக் குடுக்கறது?"

அத்தை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. கழுத்து, தோள், விலா, கால் என்று மேலிருந்து கீழே வரை பார்த்தார். அவ்வளவு நாளில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

"சோறு உள்ள போனா இதுங்க வயித்துல புளிச்சுப் போவும்" என்றார் டாக்டர். "தலையக் கெட்டியாப் பிடிங்க." குழாய் விட்டார். ஆப்பசோடா கரைத்த தண்ணீரை உள்ளே விட்டார். ஊசி போட்டார். அப்பா ஆட்டின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துப் பிடித்திருந்தார். கம்பெனிச் சட்டை முழுக்கப் புளித்த எச்சில். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடு பிழைத்தது. பால் பிழைக்கவில்லை. நைட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், மாட்டாமல் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். மடி வெறும் பை மாதிரி தொங்கியது. கறிக்கடைக்காரர் தானாகவே வந்து வாசலில் நின்றார். நான் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"பால் இல்லன்னா என்னா, ஆடு இருக்குல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும், போய்யா" என்றார் அப்பா.

எங்கள் சமையலறையில் ஊர்த் தட்டெல்லாம் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டுப் பெயர் வெட்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உட்கார்ந்து அத்தனையையும் சாம்பல் போட்டுத் தேய்த்தார். பிறகு கடைக்குப் போய் இரண்டு கட்டு அகத்தி வாங்கிவந்தார். அம்மா செய்வது போல நடுவில் கைவிட்டுப் பார்த்து வாங்கியதைப் பின்னால் நின்று நான் பார்த்தேன். ஒரு கட்டைக் கொடியில் போட்டார். இன்னொன்றைப் பிரித்து, தட்டுக்குக் கொஞ்சமாக வைத்து, முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

அத்தை வந்து தட்டைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"வெறுந்தட்டா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுவா அவ."

"அதுக்காக ஆட்டுக்கு வாங்குனத எனக்குக் குடுக்கறீங்களா?"

"எங்களுக்குக் குடுத்தத நாங்க ஆட்டுக்குப் போட்டோம்ல" என்றார் அப்பா.

அத்தை சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா அங்கேயே நின்றார். திரும்பி வந்த அத்தை கையில் இட்லித் தட்டு இருந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று எங்கள் வீட்டில் டி.வி. போடவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்தா தாத்தா வீட்டு போனுக்குக் கூப்பிடுவாள். அன்று சாயங்காலம் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினேன். எனக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எதுவும் கிடையாது என்று அம்மாவுக்கும் தெரியும்.

"ஆடு எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்கும்மா." பிறகு சொல்லிவிட்டேன். "பால் நின்னுபோச்சு."

திட்டுக்காகக் காத்திருந்தேன். அகத்திய ஈரமா போட்டியா, தவிட்ட ஊதிப் பாத்தியா, கீழ கொட்டுனியா என்று அவள் வரிசையாகக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். போனுக்குள் இரைச்சல் கேட்டது. தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. பெரியம்மாவின் குழந்தை.

"பரவால்லடா, உடு" என்றாள் அம்மா.

ஒரு பழுத்த இலைக்குக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றவள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ரிசீவரை வைத்தேன். சொல்தா தாத்தா சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் வரவில்லை. முதலில் குழந்தைக்காக இருந்தாள், பிறகு அங்கே வேலை கிடைத்தது, பிறகு காகிதம் கிடைத்தது. இப்போது என் பிறந்தநாளுக்குப் பூ படம் அனுப்புகிறாள். நானும் கும்பிடு படம் அனுப்புகிறேன். கோபமெல்லாம் இல்லை. கோபப்படுவதற்கு ஒரு ஆளைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டை அப்பா கடைசிவரை வைத்திருந்தார். பால் தராத ஆட்டுக்கு தினமும் தழையை வாடவிட்டு, ஜன்னல் கம்பியில் கட்டினார். அது கிழமாகி, பின்னங்காலில் நிற்க முடியாமல் போனபோது கட்டும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நைட்டி ஒருநாள் காணாமல் போனது. மஞ்சள் மக்கு குளியலறைக்குப் போய், விரிசல் விட்டு, குப்பைக்குப் போனது. அப்பாவும் போய்விட்டார், உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். இப்போது அந்த வீட்டில் நான் மட்டும்தான். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் ஜன்னல் கம்பியில் கயிறு தேய்த்த தழும்பு தெரியும்.

இவ்வளவுதான். புத்தகத்தில் போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் வங்கிக்காரனின் அலையையே போடுங்கள்.

குரூப்பில் போடுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்காரனுக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். அவன் இப்போது சென்னையில் இருக்கிறான், அத்தையும் அவனோடுதான். உங்கள் அம்மா கதை இதில் வருகிறது, தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் சொல்லுடா என்று கேட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்டா, 'அதெல்லாம் கெடக்கட்டும், இன்னிக்கு அவன் சாப்ட்டானா கேளு'ங்குறாங்க."